இரண்டு தலையணை உயரம்

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நான்கு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நேரில் இரண்டு முறை வந்தேன். முதல் முறை உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. இரண்டாவது முறை ஜன்னலும் சாத்தியிருந்தது. திறந்திருந்தாலும் எனக்குப் பேச்சு வந்திருக்காது. டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் எழுந்து சொல்ல முடியாமல், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். உங்களுக்குத் தெரியாததா.

சனிக்கிழமை நடந்ததற்காக எழுதுகிறேன். "இந்த ஊர்ல வயசானவங்க உட்கார்ந்த இடத்தை விட்டு அசையறதே இல்ல. தினமும் காலையில கூட்டி வச்சு உடற்பயிற்சி செய்ய வை" என்று நர்ஸ் அக்கா என்னிடம் பொறுப்பைக் கொடுத்தபோது, முதல் நாள் சமுதாயக் கூடத்துக்கு வந்தவர் நீங்கள் ஒருவர்தான். பூனை என்று நீங்கள் பேர் வைத்தது சரிதான், என் குரல் எனக்கே கேட்காது. நீங்கள்தான் என் பக்கத்தில் நின்று, "கையைத் தூக்குங்க, தூக்குங்க, வாடகைக்கா வாங்கிட்டு வந்தீங்க அந்தக் கையை" என்று கத்தினீர்கள். உங்கள் சத்தத்துக்காகவே மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை நர்ஸ் அக்காவின் மேலதிகாரிகள் வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும் என்றார்கள். முதலில் உங்களைக் கூப்பிட்டது நான்தான். நீங்கள் சுலபமாக எழுந்துவிடுவீர்கள் என்று நம்பினேன். யோசித்துப் பார்த்தால், நீங்கள் உட்கார்ந்து எழுந்து நான் பார்த்ததே இல்லை. எப்போது வந்தாலும் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருப்பீர்கள்.

எழப் பார்த்தீர்கள். முடியவில்லை. மறுபடியும் பார்த்தீர்கள். மளிகைக்கடைக்காரர், "என்ன தையல்காரம்மா, ஊசி சிக்கிக்கிச்சா?" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பயந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் அத்தை, அழுகை வரவேண்டிய இடத்தில் அது வந்து நிற்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நீங்கள் வேறு யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தீர்களே, அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். "என் வண்டி சரக்கு வண்டி. தபால் வண்டி இல்ல" என்றார். ஆனால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பூனை

ஜூன் 15

பூனைக்கு,

வீட்டில் எழுத வேறு தாள் இல்லை. இது சட்டை வெட்டுவதற்குப் போட்ட மாதிரித் தாள். கழுத்துப் பக்கம் வளைந்திருக்கும், திருப்பித் திருப்பிப் படித்துக்கொள்.

மளிகைக்கடைக்காரன் சிரித்தது எனக்கு உறைக்கவே இல்லை. அவன் இடுப்பு எனக்குத் தெரியாதா. பத்து வருஷமாக அவன் காற்சட்டையைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இனிப் பிரிக்கத் துணி இல்லை. மற்றவர்கள் சிரித்ததும் போகட்டும். நீ சிரித்தாய். பயத்தில் வந்த சிரிப்பு என்கிறாய். இருக்கும். பூனை எதற்காகக் கீறினாலும் ரத்தம் ஒரே மாதிரிதான் வருகிறது.

இனிமேல் அந்தக் கூடத்துக்கு என்னைக் கூப்பிடாதே. நான் கண்காட்சிப் பொருள் இல்லை. உட்கார்ந்தே இருக்கிறேன், உடம்பை அசைப்பதில்லை என்று உன் நர்ஸ் சொல்கிறாளாம். கல்யாணமான நாளிலிருந்து மெஷின் மிதித்த கால் இது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடை அத்தனையும் இந்தக் காலில் ஓடியதுதான். என் மகன் ஆசையாக வந்து மெஷினுக்கு மோட்டார் மாட்டினான். "இனிமே நீ காலை அசைக்கவே வேண்டாம்மா" என்றான். அவன் வாய் முகூர்த்தம், அப்படியே பலித்தது.

உன் அப்பன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு டீ வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டான். "சர்க்கரை அதிகமா போடுக்கா" என்கிறான். அவனையும் கொஞ்சம் நடக்க வை.

அத்தை

ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

கூடத்தில் இப்போது ஆறேழு பேர்தான் வருகிறார்கள். நான் கையைத் தூக்கினால் பார்த்துச் செய்கிறார்கள். திரும்பி நின்றால் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. மளிகைக்கடைக்காரர் உங்களைக் கேட்டார். "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்மா. அதுக்கு இப்படியா? அந்தம்மா திட்டாம பொழுதே விடிய மாட்டேங்குது" என்றார். முகம் சுண்டித்தான் இருந்தது.

இந்த வாரம் கூடத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று எல்லோரையும் தெருவில் நடக்க வைத்தேன். வேண்டுமென்றேதான் உங்கள் தெரு வழியாகக் கூட்டி வந்தேன். உங்கள் வீடு வந்ததும் ஜன்னல் ஒரு பக்கம் மூடியது, பிறகு இன்னொரு பக்கம். மறுநாளும் அதேபோல. நீங்கள் மேஜையைப் பிடித்துப் பிடித்து ஜன்னலுக்கு வருவது தெரிந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நாளையிலிருந்து வேறு தெருவில் போகிறோம்.

பூனை

ஜூலை 23

பூனைக்கு,

உன் ஊர்வலத்தை வேறு பக்கம் திருப்பு. ஓய்வு பெற்ற வாட்ச்மேன் என் வாசலில் நின்று செருப்பில் கல்லை எடுக்கிறேன் என்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

இன்னொன்று எழுத வேண்டும். எழுதலாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். போன மாதம் மகன் வந்திருந்தபோது டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் என்னைக் கேட்காமல் அவனிடம் சொன்னார்: "கை ஊன்றாம எழக்கூட முடியலன்னா தனியா விட்டு வைக்காதீங்க." அன்றிலிருந்து அவன் போனில் அதே பாட்டு. நவம்பரில் விடுமுறையில் வருவானாம், வந்து பார்ப்பானாம், நான் சரியாக எழுந்து நடமாடவில்லை என்றால் கையோடு அவன் ஊருக்குக் கூட்டிப் போய்விடுவானாம். மூன்றாவது மாடி வீடு. மெஷின் வைக்க இடம் கிடையாது. அவன் நல்ல பிள்ளைதான். ஆனால் நான் இந்த வீட்டில் இருக்க வேண்டும். என் கத்தரிக்கோலை நானே எடுக்க வேண்டும்.

அதனால் கேட்கிறேன். கூடத்தில் நீ சொல்லிக் கொடுப்பதை எழுதி அனுப்பு. நானே செய்துகொள்கிறேன். ஆனால் நீ வரக்கூடாது, நர்ஸ் வரக்கூடாது, உன் அப்பனுக்கும் தெரியக்கூடாது. நான் தத்தளிப்பதை இனி ஒரு கண்ணும் பார்க்கக்கூடாது. யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுதினால் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன்.

அத்தை

ஜூலை 25

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை, சந்தோஷத்தில். கூடத்தில் கொடுக்கிற அச்சடித்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கை இல்லாத மரநாற்காலி வேண்டும். சக்கரம் கூடாது. முதுகு சுவரோடு ஒட்டியிருக்கட்டும், அப்போதுதான் நழுவாது. அதன்மேல் இரண்டு தலையணையைப் போடுங்கள், கெட்டியான தலையணை. உயரமாக உட்கார்ந்தால் எழுவது சுலபம். பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேரே வரும் வரை முன்னால் குனியுங்கள். பிறகு எழுங்கள். ஊசியில் நூல் கோர்க்க நீங்கள் குனிவீர்களே, அந்தக் குனிவுதான். உட்காரும்போது விழுந்து உட்காரக்கூடாது, மெதுவாக. பிடித்துக்கொள்ள முன்னால் ஏதாவது இருக்கட்டும். மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள்.

இது பழகியதும் ஒரு தலையணையை எடுத்துவிடலாம். எப்போது எடுப்பது என்று நான் எழுதுகிறேன்.

அப்பா, "அப்படி என்னடி எழுதிக்கிறீங்க?" என்று கேட்டார். தையல் கற்றுக்கொள்கிறேன் என்றேன். "கடுதாசியிலயா? அப்ப சட்டையைத் தபால்ல போட்டுக்க வேண்டியதுதான்" என்றார்.

பூனை

ஆகஸ்ட் 18

பூனைக்கு,

முதல் நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் உன் நர்ஸைத் திட்டினேன். அதற்கப்புறம் திட்டுவதற்கு மூச்சு இல்லை, எழுவதற்கே சரியாக இருந்தது.

தொடையில் இப்படி ஒரு சதை இருக்கிறது என்றே எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஊரில் எல்லோர் உடம்பையும் அளந்தேன், என் உடம்பை அளக்கவில்லை. இரண்டு தலையணையில் இப்போது எழுந்துவிடுகிறேன். ஒரு பக்கம்தான் சாய்கிறேன் போலிருக்கிறது, இடது முழங்கால் முனகுகிறது. அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் செய்யலாம் என்றால் பீரோ நகரமாட்டேன் என்கிறது.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் செய்கிறேன். நேற்று மகன் போனில், "என்னம்மா மூச்சு வாங்குது?" என்றான். எலி துரத்தினேன் என்றேன். "எலியா, உடனே ஆள் அனுப்பறேன்" என்கிறான். அன்புத் தொல்லை.

ஒரு தலையணையை எடுக்கட்டுமா? எழுது.

அத்தை

ஆகஸ்ட் 21

அன்புள்ள அத்தைக்கு,

எடுங்கள். இரண்டு தலையணையில் மூச்சு வாங்காமல் எழுகிறீர்கள் என்றால் எடுக்கலாம் என்று தாளில் இருக்கிறது. இடது முழங்காலைப் பற்றி நர்ஸ் அக்காவிடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். "பாக்காம எப்படிச் சொல்றது? யாருக்குடி?" என்றார். கூடத்தில் ஒருவருக்கு என்று சொல்லிவிட்டேன். இரண்டு பாதத்திலும் ஒரே அளவு பாரம் போட்டுப் பாருங்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் வாசல் வரை வந்து, கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நீங்கள் வரக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள்.

பூனை

செப்டம்பர் 16

பூனைக்கு,

ஒரு தலையணை போன மாதம் போயிற்று. நேற்று இரண்டாவதும் போயிற்று. வெறும் நாற்காலி. முன்னால் இருக்கிற மெஷின் பலகையில் விரல் நுனி மட்டும் பட்டும் படாமலும். எழுந்துவிட்டேன்.

எழுந்து நின்று என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. ஜன்னலைத் திறந்து யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமா என்றிருந்தது. தெருவில் வாட்ச்மேன்தான் போய்க்கொண்டிருந்தார். அவருக்கா காட்டுவது.

உன்னைத்தான் கூப்பிட நினைத்தேன். இன்னும் கொஞ்சம் சுத்தமாக வரட்டும், ஆடாமல் நிற்கப் பழகட்டும், பிறகு கூப்பிடுகிறேன். அடுத்த மாதம் வா. வாசலில் நின்று கேட்டைத் தொட்டுவிட்டுப் போகாதே, உள்ளே வா. அப்புறம் உன் கூடத்துக்கும் வருகிறேன். மளிகைக்கடைக்காரனை முதல் வரிசையில் உட்கார வை.

அத்தை

அக்டோபர் 3

அத்தைக்கு,

இதை அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவார். ஆபரேஷன் முடிந்து நீங்கள் கண் திறந்துவிட்டீர்கள் என்று சொன்னார். இடுப்பு எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்களாம்.

நீங்கள் விழுந்த அன்று உங்கள் வீட்டுக்கு என் கடிதத்தைக் கொண்டுவந்த அப்பா, கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்து நீங்கள், "தாழ்ப்பாள் போட்டிருக்குடா, ஜன்னலை உடை" என்று சொன்னீர்களாம். எவ்வளவு நேரமாகத் தரையில் கிடந்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

பிறகு நானும் உங்கள் வீட்டுக்குப் போனேன், மாற்றுத் துணி எடுக்க. நாற்காலி சுவரோடு ஒட்டித்தான் இருந்தது. நான் எழுதியபடியே எல்லாம் இருந்தது. மெஷின் பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. துணி பரப்புவதற்காகத் தூக்கி விடுகிற மடிப்புப் பலகை அது, அடியில் ஒரு சின்னக் கட்டைதான் தாங்கும். பாரம் போட்டால் மடங்கிவிடும். ஒரு தடவை உள்ளே வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். "பிடித்துக்கொள்ள ஏதாவது" என்று எழுதினேன். என்ன என்று கேட்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த அச்சடித்த தாளில் கடைசி வரி, "செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்" என்பது. தடித்த எழுத்தில் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவீர்கள், கடிதமும் நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன். நர்ஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "உடம்பைக் கடுதாசியில பாக்க முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நான் உங்களைப் பார்க்க வரட்டுமா?

பூனை

அக்டோபர் 6

பூனைக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து ஊர்கிறது.

அந்தத் தாள் என்னிடமும் இருக்கிறது. கூடத்தில் முதல் நாள் நீதானே எனக்கும் கொடுத்தாய். மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுக்கு அடியில் கிடக்கும். உன் கடிதம் வந்ததும் எடுத்து ஒத்துப் பார்த்தேன். கடைசி வரியை நீ விட்டிருந்தாய். பரவாயில்லை, பிள்ளைக்கு என் மனசு தெரிகிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீ விட்டதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் என்னைக் கீழே தள்ளியிருக்கிறோம். உன் பங்கை மட்டும் நீயே எடுத்துக்கொண்டு அழாதே.

பலகை மடங்கும் என்று எனக்குத் தெரியாதா. அன்றைக்குக் கூடுதலாக ஒரு தடவை எழுந்து பார்த்தேன். கால் தளர்ந்துவிட்டது. அழுத்திப் பிடித்தேன். அவ்வளவுதான்.

மகன் வந்துவிட்டான். நவம்பர் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லாமல் போயிற்று. இங்கிருந்தே நேராக அவன் ஊருக்கு. அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

நீ வராதே. தலை சீவாமல், ஆஸ்பத்திரி அங்கியில், இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற கோலத்தில் இருக்கிறேன். இந்த அங்கியைத் தைத்தவனுக்குத் தோள் எது கழுத்து எது என்று தெரியவில்லை. வீட்டுச் சாவி உன் அப்பனிடம் இருக்கட்டும். மெஷினுக்கு உறை போட்டு வை.

அத்தை

நவம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மகன் வீட்டு முகவரியை அப்பாவிடம் வாங்கி எழுதுகிறேன். முதல்முறையாகத் தபால்தலை ஒட்டுகிறேன். அப்பா, "என் வேலை போச்சு" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மெஷினுக்கு உறை போட்டுவிட்டேன். கூடத்தில் இப்போது ஜோடி ஜோடியாகச் செய்ய வைக்கிறேன், ஒருவர் எழும்போது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மளிகைக்கடைக்காரருக்கு ஜோடி இல்லை. "எனக்கு அந்தம்மாதான் சரியான ஜோடி. இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்னு எழுதும்மா" என்றார். எழுதிவிட்டேன்.

நான் ஒன்று மறைத்தேன். நீங்கள் ஊருக்குக் கிளம்பிய நாள் காலை, வராதே என்று சொல்லியும் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அப்பா வண்டியை நிறுத்தப் போனார், நான் முன்னால் வந்துவிட்டேன். வார்டு கதவு பாதி திறந்திருந்தது. நீங்கள் கட்டில் பக்கத்தில், நடக்கப் பழக்குகிற நான்கு கால் இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், பயிற்சி கொடுக்கும் பெண் பின்னால் நின்றாள். உங்கள் கால் நடுங்கியது. இப்படி நிற்கும்போது யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தானே நீங்கள் ஜன்னலைச் சாத்தினீர்கள் என்று நினைத்தேன். நான் பார்த்தது தெரிந்தால் உட்கார்ந்துவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது. சத்தம் இல்லாமல் திரும்பிவிட்டேன். கீழே வந்து அப்பாவிடம், தூங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் டீ குடித்துவிட்டு மேலே வருவதற்குள் உங்கள் மகன் காரில் ஏற்றிவிட்டார்.

இந்தத் தடவையாவது சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை.

பூனை

நவம்பர் 12

பூனைக்கு,

இங்கே எல்லோரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் எழலாம் என்று நினைப்பதற்குள் நான்கு கை வந்துவிடுகிறது. தண்ணீர் கட்டிலுக்கு வருகிறது, சாப்பாடு கட்டிலுக்கு வருகிறது. "நீங்க ஏன் அசையறீங்க அத்தை, நாங்க எதுக்கு இருக்கோம்" என்கிறாள் மகன் பெண்டாட்டி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. தாங்கி கதவுக்குப் பின்னால் நிற்கிறது, அதில் துண்டு காயப்போட்டிருக்கிறார்கள்.

மளிகைக்கடைக்காரனிடம், வேறு ஜோடி பார்த்துக்கொள்ளச் சொல்.

நீ அன்று வந்ததை நான் பார்த்தேன். வராதே என்று எழுதி அனுப்பிய நாளிலிருந்து, யார் நடந்து வந்தாலும் நீதானோ என்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு உன் முகம் பாதி தெரிந்தது. அந்தப் பயிற்சிப் பெண், "போதும்மா, உட்காருங்க" என்றாள். "கொஞ்சம் இரும்மா, என் தம்பி மக வந்திருக்கா, பாக்கட்டும்" என்றேன். வலி உயிர் போயிற்று. இருந்தாலும் தாங்கியிலிருந்து ஒரு கையை எடுத்தேன், பிறகு இன்னொன்றையும் எடுத்தேன். எதையும் பிடிக்காமல் நின்றேன், பூனை. நிமிர்ந்து நின்றேன்.

"யாரும்மா? அங்க யாரையும் காணோமே" என்றாள் அவள்.

அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

அத்தை